காற்று ஆறுகிறது

ஆடி. மேற்கே மலையின் உச்சி மறைந்திருக்கிறது. மேகம் அங்கேயே உட்கார்ந்திருக்கிறது.

இங்கே வெயில்.

காற்று மட்டும் இறங்கி வருகிறது. தகரக் கூரையின் ஓரம் தடதடக்கிறது. நிற்கிறது. மீண்டும் தடதடக்கிறது.

*

சனிக்கிழமைக்கு இன்னும் நாள் இருக்கிறது. ஆடிச் சனிகளில் குச்சனூர் வேறு ஊர். சனீஸ்வரரைப் பார்க்க வேனும் காரும் சின்னமனூர்ப் பக்கமிருந்து வரிசையாக வரும். எள் தீபத்தின் புகை. சுரபி நதியில் முழுகி எழுந்த ஈரத் துணிகள். காக்கைக்கு வைத்த சோறு.

இன்று சாலை காலி.

ஒர்க்‌ஷாப் சுவரில் ஒரு காக்கை. தலையைச் சாய்க்கிறது. நேராக்குகிறது.

*

மூலையில் கம்ப்ரசர். ஐந்து ஹெச்.பி. மேலே இரண்டு சிலிண்டர். ஒன்று பெரிது, ஒன்று சிறிது. கீழே படுத்த நிலையில் தொட்டி. கால்கள் பற்றவைத்த இடத்தில் பெயிண்ட் உரிந்து இரும்பு தெரிகிறது.

கோயம்புத்தூரில் வார்த்தது. 1960-ல் தொடங்கிய எல்ஜி உட்பட, கம்ப்ரசர் செய்கிறவர்கள் அந்த ஊரில் பலர்.

அணைந்திருக்கும்போது அது வெறும் கனம். பக்கத்தில் நின்றால் பழைய எண்ணெயின் வாடை.

*

ஸ்டாண்டில் ஒரு டாடா ஏஸ் கதவு. நேற்று அடித்த வெள்ளை. தூரத்திலிருந்து பார்த்தால் சுத்தம்.

கிட்டே போகிறேன். கைப்பிடிக்குக் கீழே, கடுகைவிடச் சின்னதாய்க் கொப்புளங்கள். நகத்தால் ஒன்றைத் தொடுகிறேன். உடைகிறது. உள்ளே ஈரம்.

பெயிண்டர் தம்பி பக்கத்தில் வந்து நிற்கிறான்.

“காத்துல தண்ணி வருதுண்ணே.”

வேறெதுவும் சொல்லவில்லை. கதவையே பார்த்துக்கொண்டிருக்கிறான்.

*

தொட்டியின் அடிவயிற்றில் ஒரு சின்ன வால்வு. கால் சுற்று திருப்புகிறேன்.

தண்ணீர் துப்புகிறது. டீ நிறம். மேலே எண்ணெய் கலந்த வெளிறிய நுரை. சிமெண்டுத் தரையில் ஓடி, பள்ளம் கண்டு, தேங்குகிறது. நடுவில் துருப்பொடி மெல்லச் சுழல்கிறது.

பிறகு வெறும் காற்று.

இந்தத் தொட்டிக்குள் யாரும் தண்ணீர் ஊற்றவில்லை.

*

நிழலில் 30 டிகிரி. இந்த வெப்பத்தில் ஒரு கனமீட்டர் காற்றுக்குள் 30 கிராம் நீர்வரை ஆவியாக நிற்க முடியும். நூற்றுக்கு 70 ஈரப்பதம் என்றால் 21 கிராம்.

கை நீட்டுகிறேன். விரல்களுக்கு இடையே காற்று போகிறது. காய்ந்த காற்று என்றே தோல் சொல்கிறது.

*

இந்த அளவு கம்ப்ரசர் நிமிடத்துக்கு ஏறக்குறைய அரை கனமீட்டர் இழுக்கும். விடாமல் ஓடினால் ஒரு மணி நேரத்துக்கு 30 கனமீட்டர். அதோடு அரை லிட்டருக்கு மேல் தண்ணீரும் உள்ளே போகிறது.

ஃபில்டர் வழியாகத்தான் போகிறது. ஃபில்டர் தூசியைப் பிடிக்கும். ஆவி நுழைந்துவிடும்.

*

சைக்கிளுக்குக் காற்றடிக்கும் பம்பின் அடிப்பகுதி சுடும். சின்ன வயதில் எல்லோரும் தொட்டுப் பார்த்ததுதான்.

அழுத்தினால் காற்று சூடாகிறது. வெளியிலிருந்து யாரும் சூடு தருவதில்லை. தள்ளிய உழைப்பே சூடு.

*

கேஜ் 7 கிலோ காட்டும்போது, உள்ளே காற்று எட்டில் ஒரு பங்கு இடத்தில் இருக்கிறது. ஒரே தள்ளில் அந்த அளவுக்குச் சுருக்கினால் 250 டிகிரியைத் தாண்டும்.

அதனால்தான் இரண்டு சிலிண்டர். பெரியது பாதி வேலை. நடுவில் இன்டர்கூலர் என்கிற வளைந்த குழாய். அதில் கொஞ்சம் ஆறல். பிறகு சின்னது மிச்சத்தைச் செய்கிறது.

ஆனாலும் சிலிண்டர் ஹெட்டை விட்டு வெளியேறும் காற்று 130, 140 டிகிரி. அங்கிருந்து தொட்டிக்கு ஒரு முழக் குழாய். காற்று அதைக் கடக்கும் நேரம், கண் இமைக்கும் நேரத்திலும் குறைவு.

சூடு ஆறுவதற்குள் தொட்டி வந்துவிடுகிறது.

*

சூடான காற்று நீரை விடாது.

உள்ளே போன ஒரு கனமீட்டரில் 21 கிராம் இருந்தது. சுருங்கிய பிறகு அது 60 டிகிரியில் நின்றால், 18 கிராம் ஆவியாகவே தங்கிக்கொள்ளும். மூன்று கிராம்தான் இறங்கும். மிச்சம் தொட்டியைத் தாண்டி, ஹோஸில் ஏறி, போகிற வழியில் ஆறி, ஸ்ப்ரே கன்னின் வாயில் துளியாகிறது.

அதே காற்று 40 டிகிரிக்கு ஆறினால், ஆறரை கிராம்தான் ஆவியாக நிற்கும். பதினாலு கிராமுக்கு மேல் அங்கேயே இறங்கிவிடும்.

இருபது டிகிரி. அவ்வளவுதான் இடைவெளி.

*

தினத்தந்தித் தாளில் சுற்றிய பொட்டலம். பிரிக்கிறேன்.

ஆஃப்டர்கூலர். செப்புக் குழாய், மடித்து மடித்து வைத்தது. ஒவ்வொரு மடிப்பிலும் மெல்லிய அலுமினியத் தகடுகள் நெருக்கமாகக் கோத்திருக்கின்றன. விரல் நகத்தால் தகடுகளின் மேல் இழுக்கிறேன். சின்ன ஓசை ஓடுகிறது.

மோட்டார் இல்லை. வால்வு இல்லை. அசைகிற பாகம் ஒன்றுகூட இல்லை.

காற்றின் வழியைக் கொஞ்சம் நீளமாக்குகிறது. அதன் வேலை அதுதான்.

*

மெயினை அணைக்கிறேன். ஃபியூஸைப் பிடுங்கி சட்டைப் பையில் போடுகிறேன்.

அடி வால்வு திறந்தே இருக்கிறது. கேஜின் முள் இறங்குகிறது. ஐந்து. மூன்று. ஒன்று. முள் பூஜ்யத்தில் படிகிறது.

ஓசை நின்ற பிறகும் யாரும் ஸ்பேனரை எடுப்பதில்லை. தொட்டி காலியாகிவிட்டது என்று கேஜ் சொல்கிறது. ஹெட் இன்னும் சுடுகிறது.

காத்திருப்பு. தரையில் தேங்கிய தண்ணீரில் கூரையின் ஓட்டை ஒன்று தெரிகிறது.

*

பழைய டெலிவரி குழாய். நட்டு முதலில் அசையவில்லை. ஸ்பேனரின் மேல் உள்ளங்கை. ஒரு சின்ன ‘டக்’. பிறகு விரலாலேயே கழல்கிறது.

குழாயை வெளிச்சத்துக்குத் திருப்புகிறேன். உள்ளே கரி. சிலிண்டரிலிருந்து தப்பி வந்த எண்ணெய், சூட்டில் வெந்து, ஓடாகப் படிந்திருக்கிறது. நடுவில் சுண்டு விரல் நுழையும் வட்டம். அதன் வழியாகச் சாலை தெரிகிறது. ஒரு டிராக்டர் அந்த வட்டத்தைக் கடக்கிறது.

கரி கனத்துச் சேர்ந்த குழாய் தீப்பிடிப்பதும் உண்டு. எண்ணெய், சூடு, அழுத்தக் காற்று. மூன்றும் ஒரே இடத்தில்.

*

செம்பு வெப்பத்தைக் கடத்தும் அளவு 400. அலுமினியம் 230-க்கு மேல். இரும்பு 80.

எண்கள் அமைதியாக ஒன்றன்கீழ் ஒன்றாக நிற்கின்றன.

கையில் இருக்கும் செம்பு குளிர்ச்சியாக இருக்கிறது. என் கைச் சூட்டை எடுத்துக்கொள்கிறது. கொஞ்ச நேரத்தில் இரண்டுக்கும் வித்தியாசம் தெரியவில்லை.

*

மேற்கே மீண்டும் பார்க்கிறேன். மேகம் நகரவில்லை.

கேரளத்துப் பக்கம் மழை பெய்துகொண்டிருக்கும். கடலிலிருந்து வந்த காற்று மலையில் ஏறுகிறது. ஏற ஏற விரிகிறது. விரிய விரிய ஆறுகிறது. ஆறியதும் நீரை இறக்குகிறது.

முகட்டைத் தாண்டி இந்தப் பக்கம் இறங்கும்போது மறுபடி அழுந்துகிறது. காய்ந்த காற்று ஒரு கிலோமீட்டர் இறங்கினால் பத்து டிகிரி சூடேறும். குமுளிக்கும் கம்பத்துக்கும் நடுவே ஏறக்குறைய 500 மீட்டர் இறக்கம்.

இந்தப் பள்ளத்தாக்கு வறண்ட பக்கம் ஆனது அப்படித்தான். பிஸ்டனுக்கும் மலைக்கும் ஒரே விதி.

*

இறங்கிய நீர் பின்னால் வந்து சேர்கிறது. பெரியாற்றை மறித்து, மலையைக் குடைந்து, இந்தப் பக்கம் திருப்பினார்கள். அணையைத் திறந்தது 1895 அக்டோபரில். ஜூன் மாதம் முதல் போகத்துக்குத் தண்ணீர் விடுகிறார்கள். கம்பம் பள்ளத்தாக்கில் இருபோக நிலம் 14,707 ஏக்கர்.

ஒர்க்‌ஷாப்பின் பின்சுவருக்கு அப்பால் நெல். நட்டு வேர் பிடித்த பச்சை. வயலில் நிற்கும் தண்ணீர் வெயிலில் ஆவியாகிறது.

அந்த ஆவியும் ஃபில்டரின் வாய்க்கு வருகிறது.

*

கூலரை எங்கே நிறுத்துவது.

பெல்ட் கார்டின் பக்கம் கை வைத்துப் பார்க்கிறேன். ஃப்ளைவீலின் ஆரங்கள் விசிறி இறக்கைபோல் திருகியிருக்கின்றன. சுற்றும்போது காற்றைச் சிலிண்டர்மேல் எறியும். அந்தக் காற்றின் பாதையில் கூலர் நின்றால் தனி ஃபேன் வேண்டாம்.

இரும்புப் பட்டையில் நான்கு துளை. டிரில் சுற்றுகிறது. சுருள் சுருளாக இரும்பு எழுந்து விழுகிறது. ஒரு சுருளைத் தொடுகிறேன். சுடுகிறது.

*

சனிக்கு உரிய உலோகம் இரும்பு என்பார்கள். தானியம் எள். வாகனம் காகம்.

மூன்றும் இந்த ஊரில் தினமும் கண்ணில் படுகின்றன. கோயில் வாசலில் எள் பொட்டலம். சுவரில் காகம். கையில் இரும்பு.

நினைப்பு வருகிறது. போகிறது. டிரில் அடுத்த துளைக்கு நகர்கிறது.

*

கூலரின் நுழைவாய் மேலே. வெளிவாய் கீழே. நடுவில் எங்கும் பள்ளம் இருக்கக் கூடாது. பள்ளம் இருந்தால் தண்ணீர் அங்கே தங்கும். ஏற்றம் இருந்தால் ஹெட்டுக்கே திரும்பும்.

பெயிண்டர் தம்பி ரசமட்டத்தைக் குழாய்மேல் வைக்கிறான். குமிழி நடுவிலிருந்து கொஞ்சம் விலகுகிறது.

“இவ்ளோ சரிவு போதுமாண்ணே?”

போதும். தண்ணீருக்கு நிறையச் சரிவு தேவைப்படாது.

*

கம்ப்ரசர் ஓடும்போது ஹெட் நடுங்கும். தொட்டியின் நடுக்கம் வேறு. இரண்டையும் விறைப்பான குழாயால் கட்டினால் குழாய்தான் விரிசல் விடும்.

செம்புக்கு அப்படி ஒரு குணம். அசைத்துக்கொண்டே இருந்தால் இறுகிப்போகும். இறுகியதும் கீறல் விடும்.

ஹெட்டிலிருந்து கூலர் வரைக்குமான குழாயை டார்ச்சில் காட்டுகிறேன். மங்கிய சிவப்பு வரும்வரை. வாளித் தண்ணீரில் முக்குகிறேன். ‘சொய்ய்’ என்ற ஓசை. எஃகை இப்படிச் செய்தால் இறுகும். செம்பு இளகுகிறது.

வெளியே எடுக்கிறேன். மேலே கருத்த தோல். விரலின் போக்குக்கு வளைகிறது. ஒரு முழு வளையம் போட்டு விடுகிறேன். நடுக்கம் அந்த வளையத்தில் தீரட்டும்.

*

கூலரின் கீழ்வாய்க்கும் தொட்டிக்கும் நடுவே ஒரு செபரேட்டர். சின்னக் குடுவை. உள்ளே காற்று சுற்றித் திரும்பும். திரும்ப முடியாத துளிகள் சுவரில் மோதி இறங்கும். அடியில் ஒரு வால்வு.

கூலர் மட்டும் வைத்துச் செபரேட்டர் வைக்காவிட்டால், இறங்கிய தண்ணீரையும் காற்று தொட்டிக்கே தள்ளிக்கொண்டு போகும்.

இறக்குவது ஒரு வேலை. பிரிப்பது இன்னொரு வேலை.

*

தொட்டியின் வாயில் நான்-ரிட்டர்ன் வால்வு. அது இருந்த இடத்திலேயே இருக்கிறது. உள்ளே போன காற்று திரும்பாது.

அதன் பக்கவாட்டிலிருந்து பென்சில் பருமனில் ஒரு குழாய், பிரஷர் சுவிட்ச்சுக்குப் போகிறது. மோட்டார் நிற்கும்போதெல்லாம் ஹெட்டில் மிச்சமிருக்கும் அழுத்தம் அதன் வழியாக வெளியேறும். அடுத்த முறை மோட்டார் சுமையில்லாமல் எழும்ப அதுதான் காரணம்.

அந்தக் குழாயைத் தொடவில்லை. ஒரு துணியால் துடைத்துவிட்டு நகர்கிறேன்.

*

ஹெட்டுக்கும் தொட்டிக்கும் நடுவே கையால் மூடுகிற வால்வு எதுவும் போடுவதில்லை. யாரோ ஒருவர் மறந்து மூடிவிட்டால், காற்றுக்குப் போக இடமில்லை. கூலர் வெடிக்கும், அல்லது ஹெட்.

கூலர் பக்கம் தனியாக ஒரு சேஃப்டி வால்வு. அதன் வளையத்தை இழுத்து விடுகிறேன். ஸ்பிரிங் உயிரோடு இருக்கிறது.

*

நட்டுகள் ஒவ்வொன்றாக இறுகுகின்றன. கடைசிக் கால் சுற்றில் கை ஒரு எதிர்ப்பை உணர்கிறது. அங்கே நிறுத்த வேண்டும். ஃப்ளேர் செய்த செம்பு அதற்குமேல் பொறுக்காது.

கை அதை எப்படித் தெரிந்துகொள்கிறது என்று பார்க்கிறேன். பார்த்தால் தெரிவதில்லை. இறுக்கினால் தெரிகிறது.

*

தெருவில் ஐஸ் வண்டியின் மணி. அருகில் வருகிறது. கடக்கிறது.

கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை.

*

அழுத்தக் காற்று மலையையும் குடைந்திருக்கிறது. ஆல்ப்ஸ் மலையை ஃப்ரேஜு ரயில் சுரங்கத்துக்காகக் குடையத் தொடங்கியது 1857-ல். 1861 முதல் அழுத்தக் காற்றால் ஓடும் துளைக்கருவிகள் பாறையில் இறங்கின. 1871-ல் ரயில் போனது. கருவியிலிருந்து வெளியேறிய காற்றைத்தான் உள்ளே இருந்தவர்கள் சுவாசித்தார்கள்.

கருவியில் விரியும்போது காற்று குளிர்ந்துவிடும்.

பிடித்துவைத்த சூட்டையெல்லாம் முன்பே எங்கோ விட்டுவிட்டு வந்திருக்கிறது.

*

ஃபியூஸ் திரும்பப் போகிறது. அடி வால்வு மூடுகிறது. மெயின்.

பெல்ட் ஒரு முறை கீச்சிடுகிறது. ஃப்ளைவீல் மங்கலாகி, வட்டமாகிறது. தரை நடுங்குகிறது. சுவரில் இருந்த காக்கை இல்லை. எப்போது போனது என்று கவனிக்கவில்லை.

முள் ஏறுகிறது. ஒன்று. இரண்டு.

*

சோப்பு நுரையைத் தூரிகையில் எடுத்து ஒவ்வொரு நட்டிலும் தடவுகிறேன்.

முதல் நட்டு. அமைதி.

இரண்டாவது. அமைதி.

மூன்றாவதில் ஒரு குமிழி எழுகிறது. வளர்கிறது. அதன் தோலில் நீலமும் ரோஜாவும் சுற்றுகின்றன. உடைகிறது. இன்னொன்று எழுகிறது.

நிறுத்தி, காற்றை இறக்கி, இம்மியளவு இறுக்கி, மறுபடி ஓட்டி, மறுபடி தடவுகிறேன். குமிழி இல்லை.

*

ஹெட்டை ஒட்டிய குழாயில் ஒரு சொட்டுத் தண்ணீர் விடுகிறேன். உருண்டு, துள்ளி, காணாமல் போகிறது.

கூலரின் மூன்றாவது மடிப்பில் விடுகிறேன். பரவி, மெல்லக் காய்கிறது.

கடைசி மடிப்பில் விரலையே வைக்கிறேன். வைத்தபடி இருக்க முடிகிறது. இளஞ்சூடு. எடுக்கத் தோன்றவில்லை.

*

தகடுகளுக்குப் பின்னால் கை. ஃப்ளைவீல் எறியும் காற்று சூடாக வருகிறது. தொட்டிக்குப் போக வேண்டிய சூடு. இப்போது ஒர்க்‌ஷாப்பில் கலந்து, கூரையில் மோதி, வாசல் வழியாக வயல் பக்கம் போகிறது.

*

செபரேட்டரின் கண்ணாடியில் ஒரு மூட்டம்.

மூட்டத்தில் ஒரு புள்ளி. புள்ளி கனக்கிறது. பக்கத்துப் புள்ளியைத் தொடுகிறது. இரண்டும் ஒன்றாகின்றன. இறங்குகிறது.

நிறமில்லை. துரு இல்லை. லேசான எண்ணெய்ப் படலம் மட்டும்.

அடுத்தது.

*

எட்டு கிலோவில் சுவிட்ச் விழுகிறது. மோட்டார் நிற்கிறது.

‘புஸ்ஸ்ஸ்’.

முன்பு இது சுருக்கமாக முடியும். இப்போது நீள்கிறது. கூலரின் மடிப்புகளில் இருந்த காற்றும் சேர்ந்து வெளியேறுகிறது. குறைந்து, இன்னும் குறைந்து, எங்கே முடிந்தது என்று பிரிக்க முடியாத இடத்தில் முடிகிறது.

காதில் கொஞ்ச நேரம் அதன் மிச்சம்.

*

பெயிண்டர் தம்பி ஸ்ப்ரே கன்னை எடுக்கிறான். பெயிண்ட் ஊற்றவில்லை. பழைய கண்ணாடித் துண்டு ஒன்றைப் பிடித்து வெறும் காற்றை அடிக்கிறான். வெளிச்சத்துக்கு எதிரே தூக்கிப் பார்க்கிறான். திருப்பிப் பார்க்கிறான். அடிக்கிறான். மறுபடி பார்க்கிறான்.

கண்ணாடியின் அந்தப் பக்கம் அவன் முகம்.

“நாளைக்கு அடிக்கலாம்ண்ணே.”

கதவைத் தேய்க்க எமரித் தாள் எடுக்கிறான். கொப்புளங்கள்மேல் தாள் ஓடுகிறது. ஒரே சீரான ஓசை.

*

மாலை. வெயில் தணிகிறது. தொட்டியைத் தொடுகிறேன். சுற்றியிருக்கும் காற்றின் சூடுதான் அதற்கும்.

கூலரை விட்டு 40 டிகிரியில் வெளியேறிய காற்று, தொட்டியில் 30-க்கு இறங்குகிறது. ஆறரை கிராமில் நான்கு கிராமுக்குக் கொஞ்சம் குறைவாகவே ஆவியாக நிற்கும். மிச்சம் தொட்டியின் அடியில் சேரும்.

ஆஃப்டர்கூலர் வைத்த தொட்டிக்கும் தினமும் தண்ணீர் திறந்துவிட வேண்டும்.